மண்ணின் விலை ஏறினால் அந்த ஏற்றம் யாருக்கு?

1961ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் தேதி. ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. பிற்பகல் நேரத்தில் சிங்கப்பூரின் புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் தீ பற்றியது. அத்தாப்புக் கூரை, பலகைச் சுவர், நெருக்கியடித்த சந்துகள். தீக்கு வேறென்ன வேண்டும்? நால்வர் மாண்டனர். ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்து தெருவில் நின்றனர். அதற்கு முந்திய ஆண்டு பிப்ரவரியில்தான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பிறந்திருந்தது. எரிந்த இடத்திலேயே மாடி வீடுகள் எழுந்த கதை பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

தீ அணைந்த மறுநாள் எழுந்த இன்னொரு கேள்விதான் அதிகம் பேசப்படுவதில்லை. எரிந்த வீடுகள் ஏழைகளுடையவை. அவை நின்ற நிலம் யாருடையது?

பெரும்பகுதி தனியாருடையது. கம்பத்துவாசிகள் மாதந்தோறும் சிறு தொகையைத் தரை வாடகையாகக் கொடுத்தோ, கொடுக்காமலோ குடியிருந்தார்கள். ஆயிரக்கணக்கானவர் குடியிருக்கும் நிலத்தை எவர் வாங்குவார்? அவர்களைக் கிளப்புவது யாருக்கும் இயலாத காரியம். எனவே நகரத்தின் விளிம்பிலேயே இருந்தும் அந்த நிலத்துக்கு நல்ல விலை கிடையாது. ஆனால் ஒரே ஒரு பிற்பகல் தீயில் நிலம் காலியாகிவிட்டது. குடியிருந்தவன் பாயும் பானையும் இழந்தான். நிலத்துக்காரருக்கோ, சுண்டு விரலையும் அசைக்காமல், சொத்தின் மதிப்பு பல மடங்கு ஏறிவிட்டது!

அந்த ஏற்றத்தை அவருக்கே கொடுப்பதா? கொடுத்தால் நாளை இன்னொரு கம்பத்தில் தீ வைக்க ஆள் வராதா? இந்த அச்சம் அரசாங்கத்துக்கு இருந்தது. தீயில் காலியான நிலத்தை, காலி மனையின் முழு விலை கொடுக்காமல் குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சட்டத் திருத்தங்கள் 1960களின் முற்பகுதியில் வந்தன. 1964இல் திரு லீ குவான் இயூ சட்டமன்றத்தில் எடுத்துவைத்த கொள்கையின் சாரம் இதுதான்: பொதுப்பணத்தில் நடந்த மேம்பாட்டால் விளைந்த லாபம் நிலச்சொந்தக்காரர் பைக்குள் போகக்கூடாது.

சிங்கப்பூர் வீட்டு விலையின் முழு வரலாறும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிக் கிடக்கிறது எனலாம்.

ஒரு அமெரிக்கரும் ஒரு சீனப் புரட்சியாளரும்

இந்தக் கொள்கை புதியதல்ல. 1817இல் டேவிட் ரிக்கார்டோ என்னும் ஆங்கிலேயப் பொருளியலாளர் நில வாடகை எப்படிப் பிறக்கிறது என்று விளக்கினார். நல்ல நிலம் கொஞ்சம்தான் உண்டு. மக்கள் பெருகப் பெருக அதன் வாடகை தானாக ஏறும். சொந்தக்காரர் உழைத்தாரா, தூங்கினாரா என்பது கணக்கில் வராது.

இதைப் பாமரருக்கும் புரியும்படி எடுத்துச் சொன்னவர் ஹென்றி ஜார்ஜ். கப்பலில் வேலை பார்த்து, அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்து, பிறகு பத்திரிகையாளரான அமெரிக்கர். 1879இல் அவர் வெளியிட்ட 'முன்னேற்றமும் வறுமையும்' என்ற நூல் உலகெங்கும் படிக்கப்பட்டது. ஊர் வளர வளர ஏழை ஏன் மேலும் ஏழையாகிறான்? வளர்ச்சியின் பலனையெல்லாம் நில வாடகை விழுங்கிவிடுகிறது என்பது அவர் பதில். உழைப்புக்கும் கட்டடத்துக்கும் வரி போடாதீர்கள், மண்ணின் மதிப்புக்கு மட்டும் வரி போடுங்கள் என்பது அவர் சொன்ன மருந்து.

கேட்பவருக்கு உடனே ஒரு சந்தேகம் வரும். நிலத்துக்கு வரி போட்டால் சொந்தக்காரர் அதை வாடகையில் ஏற்றிவிட மாட்டாரா? மாட்டார் என்பதில் பொருளியலாளர்கள் பெரும்பாலும் ஒன்றுபடுகிறார்கள். சட்டைக்கு வரி போட்டால் தைப்பவர் குறைந்த சட்டை தைப்பார், விலை ஏறும். நிலத்தை எவரும் தைப்பதில்லை. வரி போட்டாலும் போடாவிட்டாலும் அது அங்கேதான் கிடக்கும். குடியிருப்பவரால் கொடுக்கக்கூடிய வாடகையும் மாறுவதில்லை.

மாறுவது நிலத்தின் விலை. ஒரு மனை ஆண்டுக்கு 1,000 வெள்ளி வாடகை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டி ஐந்து விழுக்காடு என்றால் அந்த மனையை 20,000 வெள்ளிக்கு வாங்கலாம். அரசாங்கம் அந்த வாடகையில் பாதியை ஆண்டுதோறும் வரியாக எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது 500 வெள்ளி. மனையின் விலையும் 10,000 வெள்ளியாகிவிடும். வாங்கப் போகிறவருக்கு இது நல்ல செய்தி. நேற்று 20,000 கொடுத்து வாங்கியவருக்கோ வயிற்றில் அடி. நில வரி பேசப்படும் நாடுகள் பலவற்றில் அது ஏட்டளவில் நின்றுபோவதற்கு இந்த இரண்டாமவர் ஒரு முக்கியக் காரணம்.

ஜார்ஜின் கருத்தைக் கேட்டு மனம் மாறியவர்களில் ஒருவர் சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட் சென். சிங்கப்பூருக்கு அவர் பலமுறை வந்தவர். அவர் இயக்கத்தின் சிங்கப்பூர்க் கிளை 1906இல் தொடங்கப்பட்ட பாலஸ்டியர் மாளிகை இன்று நினைவு மண்டபம். அவருடைய திட்டத்தில் ஒரு சுவையான தந்திரம் உண்டு. நிலத்தின் மதிப்பைச் சொந்தக்காரரே சொல்லட்டும். அந்த மதிப்புக்கு அரசு வரி போடும், விரும்பினால் அதே விலைக்கு நிலத்தை வாங்கவும் செய்யும். குறைத்துச் சொன்னால் நிலம் போய்விடும், கூட்டிச் சொன்னால் வரி கடிக்கும். அதன்பின் ஏறும் மதிப்பு மக்களுக்கு.

கடைவீடும் கிட்டங்கியும்

நிலத்தின் சுவை நம்மவர்களுக்கும் தெரியாததல்ல. 1819இல் ராஃபிள்சுடன் வந்த நாராயண பிள்ளை தஞ்சோங் பகார் பக்கம் செங்கல் சூளை போட்டு ஊருக்கு வீடு கட்டிக் கொடுத்தார். பின்னர் வந்த நகரத்தார் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் பெட்டகம் வைத்துக் கடன் கொடுத்தார்கள். கடனுக்குப் பிணை பெரும்பாலும் நிலப் பத்திரம். கடன் திரும்பாவிட்டால் பத்திரம் கைமாறும். 1930களின் மந்தநிலையில் மலாயாவில் இப்படி விவசாயிகளின் நிலம் பெருமளவில் கைமாறிவிடும் என்ற கவலையில்தான் 1933இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் இறுக்கப்பட்டது.

காலனி அரசும் நகராண்மையும் சொத்துக்கு வரி போடாமல் இல்லை. வீடு ஆண்டுக்கு என்ன வாடகை தரும் என்று மதிப்பிட்டு, அதில் ஒரு பங்கை வாங்கினார்கள். 'ஆண்டு மதிப்பு' என்ற அந்த முறை இன்றும் தொடர்கிறது. ஆனால் இது ஜார்ஜ் கேட்ட வரி அல்ல. மண்ணுக்கும் கட்டடத்துக்கும் சேர்த்து விழுகிற வரி. நல்ல வீடு கட்டினால் கூடுதல் வரி; ஓட்டை வீடாக விட்டு வைத்தால் குறைந்த வரி.

போர் முடிந்ததும் வந்த ஒரு சட்டம் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. 1947ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போருக்கு முந்திய கட்டடங்களின் வாடகையை 1939 ஆகஸ்ட் மாத அளவிலேயே நிறுத்தி வைத்தது. நல்லெண்ணத்தில் வந்த சட்டம்தான். குடியிருந்தவர்கள் தெருவுக்கு வராமல் காத்தது. ஆனால் வீட்டுக்காரருக்குப் பழுதுபார்க்க மனம் வரவில்லை. முதல் வாடகைதாரரோ அறைகளைத் தடுத்துத் தடுத்து உள்வாடகைக்கு விட்டு லாபம் பார்த்தார். சைனாடவுன் கடைவீடுகளில் சன்னல் இல்லாத பொந்துகளில் குடும்பங்கள் சுருண்டு கிடந்தன. அந்தச் சட்டம் முழுமையாக நீங்கியது 2001இல்தான்.

1957 கணக்கெடுப்பில் தீவின் மக்கள்தொகை 14 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 1927இல் அமைக்கப்பட்ட சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்துக் கட்டியது சுமார் 23,000 வீடுகள். தியோங் பாரு வீடுகள் அழகுதான். அழகு போதவில்லை. அதற்குப் பின் வந்த வீவக, தலைவர் திரு லிம் கிம் சானின் கீழ் முதல் ஐந்தாண்டிலேயே 50,000 வீடுகளுக்கு மேல் கட்டியது. சம்பளமே வாங்காமல் அவர் அப்பொறுப்பைச் செய்தார் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

ஆனால் சுறுசுறுப்பு மட்டும் வீடு கட்டாது. நிலம் வேண்டும், அதுவும் மலிவாக வேண்டும்.

பத்திரத்தில் உறைந்துபோன ஒரு தேதி

1966இல் நிறைவேற்றப்பட்டு அடுத்த ஆண்டு நடப்புக்கு வந்தது நிலக் கையகப்படுத்துதல் சட்டம். பொதுத் தேவைக்கு என்று அரசிதழில் அறிவித்துவிட்டால் நிலம் அரசாங்கத்துக்கு. எடுப்பது சரியா என்று வழக்காட இடம் மிகக் குறைவு. தொகையைப் பற்றி முறையிடலாம். அருகில் அரசு சாலையோ வடிகாலோ போட்டதால் கடந்த ஏழாண்டில் ஏறிய மதிப்பைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் சட்டம் சொன்னது.

1973இல் வந்த திருத்தம் இன்னும் கடுமையானது. இழப்பீடு 1973 நவம்பர் 30ஆம் தேதி இருந்த சந்தை விலையா, எடுக்கும் நாளின் விலையா, இரண்டில் எது குறைவோ அதுதான்! நிலத்துக்கான கடிகாரம் அந்தத் தேதியில் நின்றுவிட்டது. 1980களின் தொடக்கத்தில் சொத்து விலை தாறுமாறாக ஏறியது. அப்போது நிலம் பறிபோனவருக்குக் கிடைத்ததோ 1973இன் விலை. அந்தத் தேதி பிறகு 1986, 1992, 1995 என்று தள்ளித் தள்ளி வைக்கப்பட்டது. எடுக்கும் நாளின் முழுச் சந்தை விலை என்ற நிலை 2007இல்தான் வந்தது.

பலன் கண்கூடு. 1960இல் தீவின் நிலத்தில் 44 விழுக்காடு அரசாங்கத்திடம் இருந்தது. 1985இல் 76 விழுக்காடு. தோ பாயோ, அங் மோ கியோ, பிடோக் என்று நகரங்கள் முளைத்தன. தொழிற்பேட்டைகளும் விரைவுச்சாலைகளும் பெருவிரைவு ரயிலும் இந்த நிலத்தில்தான் எழுந்தன. உலகில் வேறெங்கும் ஒரு நகரம் இவ்வளவு விரைவில் தன் மண்ணைத் தானே வாங்கிக்கொண்டதாகச் சொல்வது கடினம்.

விலையைக் கொடுத்தவர்கள் யார்? தவுக்கேகளும் பெரும் நிலக்கிழார்களும் மட்டும் என்று நினைத்தால் தவறு. பன்றி வளர்த்தவர், கீரைத் தோட்டம் போட்டவர், பாட்டன் வாங்கிய ஒரே ஒரு கடைவீட்டை நம்பி இருந்தவர், எல்லாரும் அதில் அடக்கம். மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள் 1970களின் நகர மறுசீரமைப்பில் மறைந்தன. ஆர்ச்சர்ட் ரோட்டில் இருந்த சிவன் கோயில் தோபி காட் ரயில் நிலையத்துக்காக 1983இல் இடம்பெயர்ந்து, சிராங்கூன் சாலையில் தற்காலிகமாகத் தங்கி, பிறகு கேலாங் ஈஸ்ட்டில் நிலைபெற்றது. சிவனுக்கே இடமாற்ற உத்தரவு என்று அன்று பக்தர்கள் வேடிக்கையாகச் சொல்லியிருக்கக்கூடும்.

இங்கேதான் ஜார்ஜின் வழியும் சிங்கப்பூரின் வழியும் பிரிகின்றன. நில வரி எல்லா நிலத்தின் மேலும் ஒரே அளவில் விழும். கையகப்படுத்துதல் கோடு போகும் இடத்தில் மட்டும் விழும். சாலையின் இந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கு 1973இன் விலை. அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கோ புதிய சாலையால் ஏறிய விலை முழுவதும் சொந்தம், மூலதன ஆதாய வரியும் கிடையாது. நாட்டுக்கு நல்லது நடந்தது உண்மை. சுமை சமமாகப் பகிரப்படவில்லை என்பதும் உண்மை. முதல் உண்மையைக் காட்டி இரண்டாவதை மூடிவிட முடியாது.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரரை அரசு முழுதும் விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1965 முதல் மேம்பாட்டுக் கட்டணம் இருந்தது. இரண்டு மாடிக்கு அனுமதி உள்ள இடத்தில் இருபது மாடி கட்ட அனுமதி வாங்கினால், அந்த அனுமதியால் ஏறிய மதிப்பில் ஒரு பங்கை அரசுக்குச் செலுத்த வேண்டும். அது 1985இல் 70 விழுக்காட்டிலிருந்து 50 ஆனது, 2007இல் மறுபடி 70. 2022 முதல் அது நில மேம்பாட்டுத் தீர்வை என்ற பெயரில் வசூலாகிறது. சொத்து வரிச் சட்டத்திலும் ஜார்ஜ் ஓரமாக எட்டிப் பார்க்கிறார்: காலி மனையின் ஆண்டு மதிப்பு, அதன் விலையில் ஐந்து விழுக்காடு என்று வைத்து வரி போடப்படும். புல் முளைக்க விட்டு விலை ஏறக் காத்திருந்தாலும் வரி உண்டு.

கரைக்கு அப்பால் மலேசியா வேறு வழி எடுத்தது. அங்கே நில வரி மாநில அரசுக்கும், மதிப்பீட்டு வரி நகராண்மைக்கும் போகிறது. விற்று வரும் லாபத்தின் மேல் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலச் சொத்து ஆதாய வரி உண்டு. அது பல முறை கூடிக் குறைந்து, 2007 முதல் 2009 வரை விலக்கப்பட்டும் இருந்து, மீண்டும் வந்தது. விற்காதவரை அந்த வரி எழாது என்பதால் நிலத்தைப் பிடித்து வைத்திருப்பவரை அது அசைப்பதில்லை.

வாடகைக்காரர் சொந்தக்காரரானபோது

1964இல் வீடு வாங்கும் திட்டம் வந்தது. குவீன்ஸ்டவுனில் ஈரறை வீடு 4,900 வெள்ளி, மூவறை வீடு 6,200 வெள்ளி. 99 ஆண்டுக் குத்தகை. அந்த விலைக்கும் கையில் முன்பணம் இல்லாமல் பலர் தயங்கினார்கள். 1968இல் மத்திய சேமநிதிப் பணத்தைக் கொண்டு வாங்கலாம் என்றதும் கதவு திறந்தது. 1970இல் வீட்டுச் சொந்தக்காரர்கள் 29 விழுக்காட்டுக் குடும்பங்கள், 1980இல் 59, 1990இல் 88.

இதில் ஒரு முரண் ஒளிந்திருந்தது. நில மதிப்பின் ஏற்றம் தனியாருக்குப் போகக்கூடாது என்று சொல்லி எடுத்த நிலம், இப்போது லட்சக்கணக்கான சிறு சொந்தக்காரர்களிடம் குத்தகையாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர்களுக்கும் விலை ஏற வேண்டும் என்ற ஆசை வராதா? வந்தது. 1971 முதல் மறுவிற்பனைக்கு அனுமதி உண்டு. 1989இல் நிரந்தரவாசிகளும் மறுவிற்பனை வீடு வாங்கலாம் என்றானது. 1993இல் வீவக கடன், பழைய விலைப்பட்டியலை விட்டு, சந்தை மதிப்பின் அடிப்படையில் கிடைத்தது. 1990க்கும் 1996க்கும் இடையில் மறுவிற்பனை விலை மும்மடங்கைத் தாண்டியது. 1996 மே மாதத்தில் அரசு ஊகவணிகத்துக்குக் கடிவாளம் போட்டது. மூன்றாண்டுக்குள் விற்றால் லாபத்துக்கு வரி. அடுத்த ஆண்டு ஆசிய நிதி நெருக்கடி மீதி வேலையை முடித்தது.

அதன்பின் வந்த கடிவாளங்கள் பெரும்பாலும் முத்திரை வரிகள். 2011 டிசம்பரில் வந்த கூடுதல் முத்திரை வரி, 2023 ஏப்ரலில் வெளிநாட்டவருக்கு 60 விழுக்காடாக உயர்ந்தது. இது வாங்கும்போது ஒருமுறை விழும் வரி. ஆண்டுதோறும் விழும் சொத்து வரியும் கூடவே ஏறியது. 1961இல் நகரப் பகுதியில் 36 விழுக்காடாக இருந்து, 1990களில் வெகுவாக இறங்கிய விகிதம், 2024 முதல் சொந்தக்காரர் குடியிராத விலை உயர்ந்த வீடுகளுக்கு மறுபடி 36 விழுக்காட்டைத் தொட்டிருக்கிறது.

வீவக வீட்டு விலையில் நிலத்தின் பங்கு பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. மலிவாக எடுத்த நிலத்துக்கு வீவக ஏன் சந்தை மதிப்பில் விலை கொடுக்க வேண்டும், அது வாங்குபவர் தலையில்தானே விழுகிறது என்று ஒரு தரப்பு கேட்கிறது. நிலம் நாட்டின் கையிருப்பு, விற்ற பணம் அந்தக் கையிருப்பில் சேர்கிறது, முதலீட்டு வருமானத்தில் பாதி வரை ஆண்டு வரவுசெலவுக்கு வந்து எல்லாருக்கும் பயன்படுகிறது, வீடு வாங்குவோருக்கு மானியமும் தரப்படுகிறது என்று அரசு சொல்கிறது. பொருளியல் கண்ணால் பார்த்தால், 99 ஆண்டுக் குத்தகைக்கு முன்கூட்டியே கட்டும் நிலப் பணம், ஜார்ஜ் ஆண்டுதோறும் வாங்கச் சொன்ன வரியை ஒரே தவணையில் வாங்குவதுதான். வேறுபாடு ஒன்று உண்டு. இருபத்தைந்து வயதில் வீடு வாங்கும் தம்பதிக்கு அது கடனாகத் தொடங்குகிறது. வாங்கிய பிறகு ஏறும் மதிப்போ அவர்களுக்கே.

குத்தகை என்றால் ஒருநாள் முடியும். கேலாங் லோரோங் 3இல் 60 ஆண்டுக் குத்தகையில் இருந்த 191 தரைவீடுகளின் காலம் 2020 டிசம்பர் 31இல் முடிந்தது. இழப்பீடு இல்லாமல் நிலம் அரசாங்கத்துக்குத் திரும்பியது. குடியிருப்பு நிலக் குத்தகை ஒன்று இப்படி முடிந்தது சிங்கப்பூரில் அதுவே முதல்முறை. பழைய வட்டாரங்கள் அனைத்தும் 'செர்ஸ்' திட்டத்தில் எடுக்கப்படும் என்று எண்ணி அதிக விலை கொடுக்க வேண்டாம் என 2017இல் அரசு எச்சரித்தது. 2018இல், 70 ஆண்டை எட்டும் வட்டாரங்களில் குடியிருப்பாளர்களே வாக்களித்து முடிவுசெய்யும் தன்விருப்ப மறுமேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. குவீன்ஸ்டவுனில் 6,200 வெள்ளிக்கு விற்ற காலத்து வீடுகள் அந்த வயதை 2030களில் எட்டும். அவற்றின் குத்தகை 2060களில் முடியும்.